ஏற்காட்டிலிருந்து வந்த புள்ளி: குடற்புழுவும் பூனையின் உடலும்

அக்டோபர் மழைக்காலத்தில், ஏற்காட்டில் நாகலூர் பக்கத்துக் காபித் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய பேரனும் ஒரு பூனைக்குட்டியைப் பிரம்புக்கூடையில் வைத்து சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் கிளினிக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று நிறம் கலந்த பெண் குட்டி. பெயர் புள்ளி. இரண்டு நாளாக எதுவும் சாப்பிடவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன குறை. வரும் வழியில், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி இறங்கும்போது வாந்தி எடுத்திருக்கிறது. அதில் வந்ததைப் பையன் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். வெளிர்மஞ்சள் நிறத்தில், சுருண்ட நிலையில், என் சுட்டுவிரல் நீளத்துக்கு இரண்டு உருண்டைப்புழுக்கள். ஒன்று இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"அதுக்கு முன்னாடி எப்படிம்மா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தாங்க இருந்துச்சு டாக்டரம்மா. முன்னெல்லாம் ஒரு இடத்துல நிக்காது, கொடிக்கயித்துல தொங்கும். இந்த ஒரு மாசமாத்தான் சாதுவாயிருச்சு. அடுப்போரமாவே படுத்துக் கிடக்கும். வளர்ந்துருச்சு, புத்தி வந்துருச்சுன்னு நெனச்சோம்."

இந்த ஆய்வின் மையம் அந்த ஒரு மாதம்தான். புள்ளிக்குப் புத்தி வரவில்லை. குறைந்துகொண்டே போன ரத்தத்தை வைத்துக்கொண்டு எப்படி உயிரோடு இருப்பது என்பதை அதன் உடல் ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தது. வீட்டார் கண்ணில் பட்டது அந்தச் சரிசெய்தல் மட்டுமே.

பின்னணி

தாய்ப்பூனை அதே லைனில் பத்துப் பன்னிரண்டு வீடுகளில் சாப்பிட்டுத் திரிவது. பால்குடி மறந்ததும் குட்டியை இவர்கள் எடுத்து வளர்த்திருக்கிறார்கள். பால்சோறு, கருவாட்டுத் தலை, இடையில் அதுவே பிடிக்கும் எலி, பல்லி. தடுப்பூசி எதுவும் போடவில்லை. மேல் கோரைப்பல் அப்போதுதான் முளைத்து வெளியே தெரிந்தது. அதை வைத்து வயது சுமார் ஐந்து மாதம் என்று கணித்தேன். எடை 1.3 கிலோ. அந்த வயதில் இரண்டு கிலோவை ஒட்டி இருந்திருக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. ஒன்று, பத்து நாள் முன்பு மலத்தில் "அரிசி மாதிரி" ஏதோ நெளிந்ததைப் பார்த்து, மெடிக்கல் ஷாப்பில் குழந்தைகளுக்கான பூச்சி மருந்து வாங்கி அரை மூடி கொடுத்திருக்கிறார்கள். பெயர் ஞாபகம் இல்லை என்றார்கள். பையன்தான் பாட்டிலின் நிறத்தைச் சொல்லி, "ஸ்கூல்ல குடுப்பாங்கல்ல மிஸ், அதே பேர்தான்" என்றான். அப்படியானால் அல்பெண்டசோல். 2015 முதல் நடந்துவரும் தேசிய குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளில் தரும் மருந்து அது. குழந்தைக்குப் பாதுகாப்பானது, பூனைக்கு அப்படிச் சொல்ல முடியாது, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையை முடக்கிவிட்ட நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. இரண்டாவது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, பாலில் பூண்டை நசுக்கிக் கலந்து வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, புள்ளி அதை முகர்ந்துவிட்டு விலகிப் போய்விட்டது. நாக்கில் பட்டது கொஞ்சம்தான்.

பரிசோதனை

கூடையைத் திறந்து உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். ஈறு இளஞ்சிவப்பாக இல்லை, சுண்ணாம்பு வெள்ளை. அதோடு பரிசோதனையை நிறுத்திவிட்டேன். இந்த அளவுக்கு வெளுத்த பூனையைப் பிடித்து, புரட்டி, ரத்தம் எடுத்து, எக்ஸ்ரே மேசையில் படுக்கவைத்தால் அந்தப் பதற்றத்திலேயே உயிர் போய்விடலாம். ஒரு பெட்டிக்குள் துணி விரித்து, வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, ஆக்சிஜன் குழாயை உள்ளே விட்டு, விளக்கை அணைத்து அரைமணி நேரம் விட்டோம். மீதிப் பரிசோதனையைத் துண்டு துண்டாக, இடைவெளி விட்டுச் செய்தோம்.

உடல் வெப்பம் 98.6 டிகிரி. நமக்கு அது இயல்பு, பூனைக்கு 100.5-க்கு மேல் இருக்க வேண்டும். இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 240, கூடவே ஒரு மெல்லிய இரைச்சல். வயிறு பானையாக உப்பியிருக்க, முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. இரண்டு கண்ணிலும் மூன்றாம் இமை பாதிவரை ஏறி நின்றது. வயிறும் குடலும் கெட்ட பூனையில் அடிக்கடி காணும் அடையாளம் இது. கண் நோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு வருபவர்கள் உண்டு.

வாலடியில் முடியைப் பிரித்ததும் மிளகுத்தூள் நிறத்தில் துகள்கள் உதிர்ந்தன. ஈரப் பஞ்சில் வைத்துத் தேய்த்தேன். பஞ்சில் துருச்சிவப்பு பரவியது. மண்ணாக இருந்தால் அப்படிச் சிவக்காது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், அதாவது செரித்து வெளியேறிய புள்ளியின் ரத்தம். ஆசனவாய் ஓரத்தில் காய்ந்து ஒட்டிய இரண்டு நாடாப்புழுத் துண்டுகள். வெப்பமானி முனையில் ஒட்டிவந்த மலம் தார் நிறம்.

அந்தக் கருப்பு முக்கியம். ரத்தம் குடலின் கடைசிப் பகுதியில் கசிந்தால் மலத்தில் சிவப்பாகத் தெரியும். சிறுகுடலில் கசிந்து, வழியெல்லாம் செரித்து வந்தால்தான் கருப்பு. உருண்டைப்புழு ரத்தம் குடிப்பதில்லை, நாடாப்புழுவும் குடிப்பதில்லை. ஆக, வீட்டார் கண்ணால் பார்த்த இரண்டு புழுவும் இந்த வெளுப்புக்குக் காரணமாக இருக்க முடியாது. கண்ணில் படாத மூன்றாவது ஒன்று உள்ளே இருக்க வேண்டும்.

கண்ணாடித் தகட்டில்

மலத்தை அடர் உப்புக் கரைசலில் கலக்கி, மேலே மூடுதகடு வைத்து, பதினைந்து நிமிடம் மிதக்கவிட்டுப் பார்த்தோம். மெல்லிய ஓடு, உள்ளே சுமார் எட்டு உயிரணுக்களாகப் பிரிந்த கரு: கொக்கிப்புழு முட்டை. ஒவ்வொரு பார்வைப்புலத்திலும் பல. இடையிடையே வட்டமான, ஓட்டில் குழிகுழியாகத் தழும்பு கொண்ட உருண்டைப்புழு முட்டைகள். நாடாப்புழுவின் முட்டை இந்த முறையில் பெரும்பாலும் மிதந்து வராது. அதனால் காய்ந்த துண்டில் ஒன்றை நீரில் ஊறவைத்து நசுக்கிப் பார்த்தோம். முட்டைகள் பொதி பொதியாகச் சேர்ந்திருந்தன. தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவும் டிப்பிலிடியம்தான் அது.

ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, அதாவது பி.சி.வி., 12 சதவீதம். இந்த வயதுக் குட்டிக்கு முப்பதை ஒட்டி இருக்க வேண்டும். மொத்தப் புரதமும் குறைந்து டெசிலிட்டருக்கு 4.8 கிராம். இந்த இரண்டும் சேர்ந்து குறைந்தால் ரத்தம் உடலைவிட்டு வெளியே போகிறது என்று பொருள். உடலுக்குள்ளேயே சிவப்பணு உடைந்தால் புரதம் இப்படிக் குறையாது. புழுவை எதிர்க்கப் பெருகும் இயோசினோஃபில் வெள்ளணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 3,200. பூனையில் 1,500 வரை இயல்பு எனலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் போதிய அளவில் இருந்தன.

அடுத்து, நியூ மெத்திலீன் புளூ சாயம். நாட்டு மருத்துவமும் மெடிக்கல் ஷாப் மருந்தும் கலந்த இந்த மாதிரி நிகழ்வில், இந்த ஒரு சாயம் இரண்டு கேள்விக்குப் பதில் தரும். மஜ்ஜை வேலை செய்கிறதென்றால், வலைபோன்ற நீல இழை கொண்ட இளம் சிவப்பணுக்கள், அதாவது ரெட்டிகுலோசைட்டுகள், தெரியும். நிறைய தெரிந்தன. வெள்ளணுக்களும் தட்டணுக்களும் குறையவில்லை. அல்பெண்டசோல் மஜ்ஜையைத் தொடவில்லை என்று அங்கேயே நிம்மதி வந்தது. பூண்டு கெடுத்திருந்தால் சிவப்பணுவின் ஓரத்தில் ஹைன்ஸ் துகள்கள், அதாவது சிதைந்த ஹீமோகுளோபின், நீலப் புள்ளியாகத் துருத்தி நிற்கும். எந்தப் பூனையிலும் இருப்பதுபோல ஒன்றிரண்டுதான் இருந்தன.

பூண்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சேலத்தில் வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். பூனையின் ஹீமோகுளோபினில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கந்தகத் தொகுதிகள் எட்டு இருக்கின்றன. நாய்க்கு நான்கு, நமக்கு இரண்டு. பூண்டிலும் வெங்காயத்திலும் உள்ள சேர்மங்கள் அந்த இடத்தைத்தான் தாக்கிச் சிவப்பணுவை உடைக்கின்றன. புழுவால் ரத்தம் குறைந்த பூனைக்குப் பூண்டுப்பால் கொடுப்பது, இருக்கும் கொஞ்சத்தையும் அழிப்பது. நம் வீட்டில் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழகிய அக்கறையில்தான் கொடுக்கிறார்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன், ஆனால் பூனைக்குப் பூண்டு வேண்டவே வேண்டாம்.

ஒரு மாதமாக உள்ளே நடந்தது

கொக்கிப்புழு ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும். பூனையில் காணும் அன்சைலோஸ்டோமா டியூபிஃபார்மே இனத்துக்கு வாயில் மூன்று ஜோடிப் பற்கள். சிறுகுடல் சுவரைக் கவ்வி, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் சுரந்து குடிக்கும். பிறகு இடம் மாறும். விட்டுவிட்டுப் போன புண்ணில் அந்தப் பொருள் இருப்பதால் அது உடனே உறையாது, கசிந்துகொண்டே இருக்கும். 1.3 கிலோ குட்டியின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 80 மில்லி. அதில் தினமும் கொஞ்சம் போகிறது. ரத்தத்தோடு இரும்புச்சத்தும் போகிறது. சிவப்பணு உள்ளேயே உடைந்தால் அதன் இரும்பை உடல் திரும்ப எடுத்துக்கொள்ளும். குடல் வழியே வெளியேறினால் அது போனது போனதுதான். பால் குடித்து வளர்ந்த குட்டிக்கு இரும்புச் சேமிப்பும் குறைவு. புள்ளியின் சிவப்பணுக்களின் சராசரி அளவு சிறுத்துப்போயிருந்ததற்கு அதுவே காரணம். மஜ்ஜை ஓயாமல் உழைத்தும், சரக்கு இல்லாமல் சிறிய அணுக்களைச் செய்து அனுப்பியிருக்கிறது.

ரத்தம் திடீரென்று போனால் பூனை சுருண்டு விழும். மெல்லப் போனால் உடல் நேரம் எடுத்துச் சமாளிக்கும். முதலில் திசுக்களிலிருந்து நீர் ரத்தக்குழாய்க்குள் வந்து அளவை நிரப்புகிறது. ரத்தம் நீர்த்தாலும் அழுத்தம் விழாது. நீர்த்த ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு என்பதால் இதயம் வேகமாக, அதிகமாகத் தள்ளுகிறது. நான் கேட்ட இரைச்சல் அதனால் வந்ததே, இதயக் கோளாறால் அல்ல. தோலுக்கும் ஈறுக்கும் போகும் குழாய்கள் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் ஒதுக்கப்படுகிறது. ஆக்சிஜன் போதாததைச் சிறுநீரகம் உணர்ந்து எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோனைச் சுரந்து மஜ்ஜையை முடுக்குகிறது. பூனையின் ஹீமோகுளோபின் இயல்பிலேயே ஆக்சிஜனை இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளாது, திசுக்களுக்கு எளிதாக விட்டுக்கொடுக்கும். இதுவும் கைகொடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பூனை அசைவைக் குறைத்துக்கொள்கிறது. ஓடாத பூனைக்கு ஆக்சிஜன் குறைவாகப் போதும். கொடிக்கயிற்றில் தொங்காமல் போனதும், உடலால் ஆக்க முடியாத சூட்டை அடுப்பிடம் வாங்கிக்கொண்டதும் இதனால்தான். நாயாக இருந்தால் நடக்கக் கூட்டிப்போகும்போது தளர்வு தெரிந்துவிடும். பூனையை யாரும் நடக்கக் கூட்டிப்போவதில்லை. அதனால் பி.சி.வி. முப்பதிலிருந்து இருபதாகி, பதினைந்தாகும் வரையிலும் "நல்லாத்தான் இருந்துச்சு". பன்னிரண்டில் சரிக்கட்டும் வழியெல்லாம் தீர்ந்தது. சாப்பாட்டை நிறுத்தியது அப்போதுதான்.

ரத்தத்தை விட்டுக் குடலுக்கு வருவோம். அங்கே உடல் பதுங்கவில்லை, சண்டை போட்டது. புழுவை வெள்ளணுவால் விழுங்க முடியாது, அவ்வளவு பெரிது. அதனால் உடல் வேறு வழியில் போகிறது. குடல் உட்சுவரில் ஆங்காங்கே டஃப்ட் செல்கள் என்ற உணர்வு உயிரணுக்கள் இருக்கின்றன. அவை புழு வந்ததை எப்படி உணர்ந்து எச்சரிக்கின்றன என்பதை 2016-இல் எலிகளில் செய்த ஆய்வுகள் காட்டின. எச்சரிக்கை போனதும் சளி சுரக்கும் உயிரணுக்கள் பெருகுகின்றன, குடலுக்குள் நீர் சுரக்கிறது, குடல்தசை வேகமாகச் சுருங்கிச் சுருங்கித் தள்ளுகிறது. புழுவை வழுக்கி வெளியேற்றும் முயற்சி இது. வெளியே நமக்குத் தெரிவது சளியோடு கூடிய பேதி. கடையில் கேட்டுப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுப்பவர்கள், புழு வெளியே போகும் கதவைச் சாத்துகிறார்கள். தவிர, அழற்சி நீடித்தால் உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து குட்டையாகும். புள்ளி இரண்டு நாள் முன்புவரை சாப்பிட்டும் எடை ஏறாதது இதனாலும்தான்.

இயோசினோஃபில் கூடியதற்கு உருண்டைப்புழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்சோகாரா கேட்டி என்னும் இந்த இனம் தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். பாலில் வந்தது நேரே குடலில் வளரும். ஆனால் மண்ணிலிருந்து முட்டையாக உள்ளே போனால் கதை வேறு. குடலில் பொரித்து, கல்லீரல் வழியாக நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாயில் ஏறி, இருமலில் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கு வரும். அந்தப் பயணம் முழுக்க இயோசினோஃபில் துரத்தும். நுரையீரலில் ரத்தக்குழாய்ச் சுவர்கள் தடிக்கும். குட்டிப்பூனை இருமுவதைச் சளி என்று எண்ணுவோம். மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து வரும் குட்டிகளில் நான் முதலில் மலத்தைத்தான் பார்ப்பேன்.

நாடாப்புழுவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பார்க்க அருவருப்பு, பாதிப்பு குறைவு. இந்த டிப்பிலிடியம் வந்தால் தெள்ளுப்பூச்சி இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான்.

சிகிச்சை

இவ்வளவு வெளுத்த பூனைக்கு முதலில் கை போவது டிரிப்ஸ் பாட்டிலுக்கு. அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். உடல் ஏற்கெனவே நீரை நிரப்பி அளவைச் சரிசெய்துவிட்டது. மேலும் நீர் ஏற்றினால் ரத்தம் இன்னும் நீர்க்கும், முழு வேகத்தில் ஓடும் இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோக்கும். தேவைப்பட்டது சிவப்பணு. எங்கள் உதவியாளர் வீட்டுக் கடுவன் பூனை ஐந்து கிலோ, தடுப்பூசி போட்டது, புழு மருந்து தவறாதது. அதனிடம் 20 மில்லி எடுத்தோம். பூனைக்கு ஏ, பி, ஏபி என ரத்தவகை உண்டு. பி வகைப் பூனைக்கு ஏ வகையை எதிர்க்கும் பொருள் பிறவியிலேயே வலுவாக இருக்கும் என்பதால், முதல் தடவை ஏற்றுவதுகூட உயிரைப் பறிக்கலாம். இரண்டு ரத்தத்தையும் தகட்டில் பொருத்திப் பார்த்து, கட்டி சேரவில்லை என்று உறுதி செய்தபிறகே ஏற்றினோம். முதல் அரைமணி சொட்டுச் சொட்டாக, மொத்தம் நான்கு மணி நேரத்தில். முடிந்தபோது பி.சி.வி. 19.

அன்று மாலையே பைரன்டெல், கிலோவுக்கு 20 மி.கி. வாய்வழி. குடலில் இருக்கும் கொக்கிப்புழுவையும் உருண்டைப்புழுவையும் அது தசை இறுகச் செய்து பிடி விடவைக்கிறது. ரத்தத்தில் அதிகம் கலப்பதில்லை என்பதால் இவ்வளவு பலவீனமான குட்டிக்கும் கொடுக்கலாம். நாடாப்புழுவுக்கு பிராசிகுவான்டெல் அவசரமில்லை, நான்காம் நாள் கொடுத்தோம். இரும்புச்சத்து ஊசியாக. தெள்ளுப்பூச்சிக்கு முதல் நாள் சீப்பு மட்டும், தேறியபிறகு பூனைக்கான செலமெக்டின் சொட்டு. நாய்க்கு விற்கும் பெர்மெத்ரின் சொட்டை எந்தப் பூனைக்கும் விடக்கூடாது. அதை முறிக்கும் நொதி பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. நடுக்கமும் வலிப்பும் வந்துவிடும்.

மூன்றாம் நாள் மலத்தில் உருண்டைப்புழுக்கள் கொத்தாக வந்தன. அதே நாளில் வேகவைத்த கோழி ஈரலைத் தானாகவே சாப்பிட்டது. இரண்டு வாரம் கழித்து பைரன்டெல் மறுபடியும் கொடுத்தோம். முதல் தடவை கல்லீரலிலும் நுரையீரலிலும் இருந்த இளம்புழுக்களை மருந்து தொட்டிருக்காது, அவை இதற்குள் குடலுக்கு வந்திருக்கும். அப்போது பி.சி.வி. 25. ஆறு வாரத்தில் 32, எடை 2.1 கிலோ. இயோசினோஃபில் மட்டும் 1,900-இல் நின்றது. புழு போனபிறகும் அது இறங்க நாளாகும். ஈறு நிறம் திரும்பும் முன்பே அந்த அம்மா போனில் சொல்லிவிட்டார்: "டாக்டரம்மா, கருவாட்டு டப்பாவைத் தள்ளிவிட்டு ஓடுதுங்க." எனக்கு அது ரத்தப் பரிசோதனைக்கு நிகரான செய்தி.

லைன் வீட்டைச் சுற்றி

மருந்து குடலைச் சுத்தம் செய்யும், மண்ணைச் செய்யாது. ஏப்ரல் வெயிலில் சேலத்து வெட்டவெளி மண் காய்ந்து கிடக்கும்; கொக்கிப்புழுவின் இளம்புழு அதில் தாக்குப்பிடிக்காது. ஏற்காட்டில் சில்வர் ஓக் நிழலில், உதிர்ந்த இலைக்கு அடியில், ஈரம் காயாத மண்ணில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், காலின் தோலைத் துளைத்தும் ஏறும். உருண்டைப்புழு முட்டை இன்னும் கெட்டி. பிளீச்சிங் தண்ணீருக்கெல்லாம் அசையாது, கொதிநீர்தான் அதைக் கொல்லும். ஆனால் மலத்தில் வெளியே வந்தவுடன் அது தொற்றாது. உள்ளே இளம்புழு வளர இரண்டிலிருந்து நான்கு வாரம் வேண்டும். கொக்கிப்புழுவுக்கு ஒரு வாரம் போதும். ஆகவே மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் இரண்டுமே நின்றுவிடும்.

பையன் ஒரு பழைய பழப்பெட்டியில் மணலும் அடுப்புச் சாம்பலும் போட்டுத் திண்ணை ஓரம் வைத்தான். புள்ளி அதைப் பழகிக்கொண்டது. தினமும் காலையில் அள்ளி ஆழக் குழிதோண்டிப் புதைக்கிறான், செருப்புப் போட்டுக்கொண்டு. அவன் பாதத்தில் சிவந்து வளைந்து நெளியும் கோடு ஒன்று இருந்ததை முதல் நாளே பார்த்தேன். பூனை, நாய்களின் கொக்கிப்புழு மனிதத் தோலுக்குள் வழி தெரியாமல் அலையும்போது அப்படிக் கோடு விழும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். போய், மருந்து வாங்கி, சரியாகிவிட்டது.

தாய்ப்பூனையைப் பிடிக்கத்தான் நாளானது. லைனில் உள்ளவர்கள் சேர்ந்து, காபி பறிப்பு தொடங்கும் முன்பு ஒரு நாள் பிடித்து அனுப்பினார்கள். அதன் மலத்திலும் அதே இரண்டு வகை முட்டை. புழு மருந்து கொடுத்து, கருத்தடை செய்து திருப்பி அனுப்பினோம். புள்ளி எலி பிடிப்பதை நிறுத்தப்போவதில்லை, எலியின் உடலிலும் உருண்டைப்புழுவின் இளம்புழு இருக்கும். அதனால் ஆறு மாதம் ஆகும்வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எடை பார்த்து மருந்து. அட்டையில் அடுத்த தேதியைப் பையனே எழுதிக்கொண்டு போனான்.